மாவு மாத்திரை

அந்தக் கர்னலை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் தில்ஷாத் பேகம் மலை ஏறினாள். வாய்விட்டுத் திட்ட வழியில்லை. முன்னால் அவளுடைய மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு செல்லமுத்து போய்க்கொண்டிருந்தான். காலையில் நடந்த பேச்சு அவன் பெண்டாட்டி அத்தாயியைப் பற்றியது. அந்தப் பேச்சில் தோற்றுவிட்டு வருகிறோம் என்பதை அவனிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. பாதை என்று பேர்தான். மழைத் தண்ணீர் இறங்குவதற்காகவே பாறைகளை உருட்டிப் போட்டது போலிருந்தது. அட்டைகள் கணுக்காலைத் தேடித் தேடிப் பிடித்தன. செல்லமுத்து நின்று நின்று அவளுக்காகக் காத்திருந்தான்.

"ஏனுங்க டாக்டரம்மா, தொரை என்ன சொன்னாருங்க? அத்தாயிக்குப் பெலமான மருந்து கேக்கறேன்னீங்களே."

"பாக்கலாம்னார்."

"பாக்கலாம்னா குடுப்பாருங்களா, மாட்டாருங்களா?"

"நடப்பா, மழை வலுக்குது."

ஆராய்ச்சியை நடத்தும் வெள்ளைக்காரப் பட்டாள டாக்டர் அந்தக் கர்னல். அவர் பாக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. அடிவாரத்துப் பயணியர் பங்களாவில் அவித்த முட்டையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமலே இங்கிலீஷில் சொன்னார்: "ஒருத்திக்கு இரக்கப்பட்டால் முழு ஆராய்ச்சியும் குப்பைக்குப் போகும். இந்த மருந்து வேலை செய்கிறது என்று நாம் நிரூபித்துவிட்டால் மாகாணம் முழுக்கக் கர்ப்பிணிகளுக்கு அரசாங்கமே கொடுக்கும். ஆயிரக்கணக்கான பேர் பிழைப்பார்கள். நீங்கள் டாக்டரா, அவளுக்குச் சித்தியா?"

அதில் ஒரு நியாயமும் இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழு அயோக்கியத்தனமாக இருந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்திருப்பாள்.

ஆராய்ச்சி இதுதான். கொல்லிமலைப் பெண்கள் பிள்ளைப்பேற்றில் ஏன் இப்படி வெளுத்து, வீங்கிச் சாகிறார்கள், எதைக் கொடுத்தால் பிழைப்பார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு இரும்பும் ஈரல் சத்தும் சேர்ந்த மாத்திரை. மீதிப் பேருக்கு வெறும் மாவு. இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. யாருக்கு எது என்று கர்னலுக்கும் தில்ஷாத்துக்கும் மட்டும்தான் தெரியும். சீட்டுக் குலுக்கியதில் அத்தாயிக்கு விழுந்தது மாவு.

தில்ஷாத் இந்த வேலைக்குச் சும்மா வரவில்லை. சேந்தமங்கலத்தில் கடுக்காய் மண்டி வைத்திருந்த யாக்கூப் ராவுத்தரின் மகள். மலையிலிருந்து கடுக்காய் சுமந்து வந்தவர்கள் மண்டி வாசலில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள். மகளைப் பட்டணத்துக்கு டாக்டருக்குப் படிக்க அனுப்பியதற்காக யாக்கூப்பிடம் தெருவே முகம் கொடுக்காமல் இருந்தது. படித்து முடித்து, மில் தொழிலாளிப் பெண்கள் பிரசவத்தில் சாவது பற்றி மூன்று வருஷம் அலைந்து அவள் எழுதியதைக் கர்னல் கல்கத்தா மாநாட்டில் தன்னுடைய கட்டுரையாகப் படித்தார். கடைசி வரியில் 'உதவிய உள்ளூர்ப் பெண்மணிக்கு நன்றி' என்று போட்டிருந்தார். அவளுக்குப் பேர்கூட இல்லை. இந்தத் தடவை பேர் போடுவதாகச் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்துக்காகத்தான் காலையில் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தாள். அது அவளுக்கே தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை கோபம்.

மலை மேலே வாழவந்தி நாட்டு ஊர்களுக்குள் நுழைந்ததும் மழை நின்று பனிமூட்டம் இறங்கியது. வயல்களில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நனைந்த கதிரை அப்படியே விட்டால் முளைத்துவிடும் என்று வெயிலுக்குக் காத்திராமல் அறுத்துக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே அடுக்கினார்கள். செல்லமுத்து வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஈரச் சாமைத்தாள் வாசமும் அடுப்புப் புகையும் மூக்கை அடைத்தன.

அத்தாயி உரலடியில் நின்று சாமை குத்திக்கொண்டிருந்தாள். எட்டு மாச வயிறு. உலக்கையைத் தூக்குவாள், போடுவாள், அப்புறம் உலக்கையைப் பிடித்துக்கொண்டே நின்று வாயால் மூச்சு விடுவாள். முகம் உப்பிக் கண் இடுங்கியிருந்தது.

"அத்தாயி, உலக்கையைக் கீழ வை."

"இன்னும் கொஞ்சந்தானுங்க. வெச்சுட்டாச் சோறு ஆரு ஆக்குவா?"

"உன் மாமியா ஆக்குவாங்க."

உள்ளே அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த மாமியார் மாதம்மாள் துடுப்பை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள். "நான் விடியறதுக்கு முந்தி காட்டுக்குப் போயிட்டு இப்பத்தான் கண்ணு வந்தேன். எனக்கென்ன நாலு கையா? வேண்டாம்னுதான் சொன்னேன், கேட்டாத்தான. இவங்கம்மாளும் இப்படித்தான். புள்ள பொறக்கற அன்னைக்கும் வரப்பு வெட்டுனவ."

"அவங்கம்மா இப்ப எங்க?"

"அந்தப் புள்ளையோடதான் போயிட்டா," என்றாள் மாதம்மாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. துடுப்பு வேகமாகச் சுற்றியது.

தில்ஷாத் அத்தாயியை உட்காரவைத்துக் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். தேங்காய்ப் பருப்பு போல வெள்ளை. காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி மேலே வரவில்லை. விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒற்றுத்தாளில் ரத்தம் எடுத்து, வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு போன வாரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

அன்று பொட்டலம் கொடுக்கும் நாள். மற்றக் கர்ப்பிணிகளும் ஒவ்வொருத்தியாக வந்து வாசலில் குந்தினார்கள். பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் முதல் ஆளாக வந்து விரலைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"இந்த டாக்டரம்மா அட்டைக்கு அக்கா. வாராவாரம் நம்ம ரத்தம் குடிக்காட்டித் தூக்கம் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். தில்ஷாத்தும் சிரித்துக்கொண்டே சென்னம்மாளின் விரலைக் குத்தினாள். வண்ண அட்டையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சென்னம்மாள் நிஜ மாத்திரை சாப்பிடுகிறவள். இரண்டு மாசமாகச் சாப்பிட்டவளுக்கு இந்த வாரமாவது ரத்தம் சிவப்பேறியிருக்க வேண்டும். இவளோ சோகை பிடித்த பசு மாதிரி நிற்கிறாள். அடுத்தவளுக்கும் அப்படித்தான். மருந்தே வேலை செய்யவில்லையா?

மாதம்மாள் களிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தேன் கண்ணு. உம்பட மாத்திரை சூடு பண்ணுதா? இவளுக்கு வெளிக்குப் போறது கரியாட்டம் போகுது. சென்னம்மாளுக்கும் அப்படித்தானாம்."

"சென்னம்மாளுக்கு அப்படிப் போகும், பயப்பட வேண்டாம். ஆனா அத்தாயிக்குப் போகாதே."

"ஏன் இவளுக்குப் போகாது?"

தில்ஷாத் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரும்பு தின்றால் கறுப்பாகப் போகும். மாவு தின்றவளுக்கு எப்படிப் போகும்?

"அத்தாயி, நான் குடுத்த பொட்டலத்தைத்தானே சாப்பிடறே? வேற யாரோடதாவது சாப்பிட்டியா?"

அத்தாயி புரியாமல் பார்த்தாள். "வேற ஆரோடதுன்னு ஏதுங்க? எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக்குவமில்ல."

"எங்க கொட்டுவீங்க?"

"ஊத்துக்கிட்ட, மொறத்துல," என்றாள் சென்னம்மாள். "பொழுது சாய்ற நேரம் தண்ணிக்குப் போவோம். வயித்தோட இருக்கறவ தனியாத் தின்னக்கூடாதுங்க டாக்டரம்மா. ஒருத்தி வாயில ஒண்ணு போட்டு இன்னொருத்தி பாத்துட்டிருந்தா, பாக்கறவ வயித்துல இருக்கற புள்ளைக்கு ஏக்கம் புடிச்சுக்கும். வாய் ஒழுகும், பால் குடிக்காது. மாங்காயோ புளியோ, உங்க மாத்திரையோ, ஆளுக்குக் கொஞ்சந்தான். பொட்டலத்தையெல்லாம் மொறத்துல கொட்டிக் கலந்து, ஆளுக்கு ஒரு கை அள்ளிக்குவோம்."

இரண்டு மாச வேலை. அட்டையும் மழையும் பார்க்காமல் ஏறி இறங்கிய அத்தனை வாரமும் ஒரு முறத்தில் கலந்து போயிருந்தது. யாருக்கும் முழு மருந்து இல்லை, யாருக்கும் முழு மாவும் இல்லை. கல்கத்தா போச்சு. பேர் போச்சு. தில்ஷாத் தன்னையறியாமல் கத்திவிட்டாள்.

"யாரைக் கேட்டுப் பண்ணுனீங்க? அவங்கவங்க பொட்டலம் அவங்கவங்களுக்குன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லியா? உங்களுக்கெல்லாம் சொன்னா மண்டையில ஏறாதா? என் பொழப்பையே கெடுத்துட்டீங்களே!"

டாக்டரம்மா இப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லை. சென்னம்மாள் தலை குனிந்துகொண்டாள். அத்தாயி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சொன்னீங்க. இல்லேன்னு சொல்லலீங்க. எல்லாம் ஒரே மருந்துன்னும் நீங்கதான சொன்னீங்க. ஒரே மருந்தைக் கலந்தா என்னாயிறப் போகுதுங்க?"

அந்த இடத்தில் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். பட்டணத்தில் படித்த படிப்பு அதற்குப் போதும். ஆனால் அத்தாயியின் உப்பிய முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்லத் தில்ஷாத்தால் ஆகவில்லை.

"ஒரே மருந்தில்ல," என்றாள். "பாதிப் பேருக்குக் குடுத்தது மாவு. வெறும் மாவு. மருந்து தின்னவங்களும் தின்னாதவங்களும் எப்படி இருக்காங்கன்னு பாக்கறதுக்கு."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. மாதம்மாள்தான் முதலில் புரிந்துகொண்டாள்.

"பாக்கறதுக்குன்னா? செத்தா எப்படிச் சாவறா, பொழைச்சா எப்படிப் பொழைக்கறான்னு பாக்கறதுக்கா?"

"அப்படியில்லம்மா..."

"எப்படியில்ல? ஆருக்கு மாவு, ஆருக்கு மருந்துன்னு எந்தச் சாமி வந்து சொல்லுச்சு?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டது."

"காட்டுப் பன்னிக் கறியைக் கூறு வெச்சா அதுக்குத்தாண்டி நாங்க குச்சி போடுவோம்! எங்க புள்ளைவ உனக்குக் கறிக்கூறா?" மாதம்மாள் காறித் துப்பினாள். எச்சில் தில்ஷாத்தின் காலடியில் விழுந்தது. கண்ணு என்று கூப்பிட்ட வாய் அது.

சென்னம்மாள் மெதுவாகக் கேட்டாள். "எனக்கு எது விழுந்துச்சுங்க?"

"நெசம்."

"இவளுக்கு?"

தில்ஷாத் அத்தாயியின் பொட்டலத்தைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டு மூடினாள். அதுவே போதுமானதாக இருந்தது. சென்னம்மாள் அத்தாயியைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். "அப்ப மொறத்துல போட்டதுனாலதான் இவ இத்தனை நாளு நிக்கறாளா? இல்லாட்டி எப்பவோ..." என்று தொடங்கி அழுதுவிட்டாள்.

அத்தாயி அழவில்லை. கத்தவும் இல்லை.

"எம் மொகம் வீங்குனப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"வாராவாரம் பாத்தீங்களே."

"பாத்தேன்."

"நான் கும்புட்டுக் கும்புட்டு வாங்குனேனுங்க," என்றாள் அத்தாயி.

அதற்கு மேல் தில்ஷாத்தால் அங்கே நிற்க முடியவில்லை. பெட்டியை உதைத்துத் திறந்தாள். மாவுப் பொட்டலங்களைப் பிய்த்து வாசல் தண்ணீரில் கொட்டினாள். சர்க்கரைப் பூச்சுக் கரைந்து தண்ணீர் சிவப்பாக ஓடியது. நிஜ மாத்திரைகளை அள்ளி மாதம்மாளிடம் நீட்டினாள். பாதிப் பேருக்கென்று கொண்டுவந்தது அது. எல்லோருக்கும் கொடுத்தால் மறுபடியும் ஆளுக்கு அரைப் பங்குதான். இன்னும் வேண்டுமென்றால் பங்களாவில் இருந்துதான் வரவேண்டும். மாதம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள்.

"மருந்து வந்தாப் போதும். இனி நீ எங்கூட்டுப் பக்கம் வராத."

தில்ஷாத் போகவில்லை. ஊர்ச்சாவடியில் தங்கிக்கொண்டாள். யாரும் பேசவில்லை. சோறு மட்டும் யாரோ மூடி வைத்துவிட்டுப் போனார்கள். இன்னும் மருந்து கேட்டுப் பங்களாவுக்கு அனுப்பிய ஆள், முடியாது என்ற கர்னலின் பதிலோடு திரும்பி வந்தான். மருந்து உடம்பில் ஏற நாள் ஆகும். அந்த நாள் அத்தாயிக்குக் கிடைக்கவில்லை. அந்த வாரமே ஒரு மத்தியானம், மழை கொட்டு கொட்டென்று கொட்டும்போது, செல்லமுத்து ஓடி வந்தான்.

"வலி எடுத்துருச்சுங்க. அம்மா வேண்டாங்குது. நான் கூப்படறேன், வாங்க."

பிள்ளை சீக்கிரமே பிறந்தது. பெண் பிள்ளை. நோஞ்சானாக இருந்தாலும் அழுதது. அதற்குப் பிறகு அத்தாயிக்கு ரத்தம் போயிற்று. வழக்கமாகப் போகிற அளவைவிடக் கொஞ்சம்தான் கூட. உடம்பில் ரத்தம் இருக்கிற ஒருத்தி அதைத் தாங்கிக்கொண்டு, மறுநாள் எழுந்து உட்கார்ந்து களி கேட்டிருப்பாள். தில்ஷாத் அடிவயிற்றைப் பிசைந்தாள், ஊசி போட்டாள், துணி மேல் துணியாக வைத்து அழுத்தினாள். அத்தாயியிடம் இழப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது. மாதம்மாள் மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணு, கண்ணு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளையைக் கீழ்வளவு வீடொன்றில் பால் இருந்த ஒருத்தி வாங்கி மாரில் போட்டுக்கொண்டாள்.

புதைத்துவிட்டு வந்ததும் செல்லமுத்து தில்ஷாத்திடம் வந்தான். "அந்தத் தொரையை நான் பாக்கோணும்," என்றான். இருவரும் மலை இறங்கினார்கள்.

கர்னல் பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். செல்லமுத்து படிக்குக் கீழே நின்றான். தில்ஷாத் எல்லாவற்றையும் சொன்னாள். முறம், ஏக்கம், கலந்தது, தான் உண்மையைச் சொன்னது, அத்தாயி. கர்னல் முகம் சிவந்தார்; மடப் பெண்கள் என்றார்; புகைக்குழாயில் புகையிலையை அடைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதை இப்படியே முடிக்கலாம். இரண்டு பக்கத்துக்கும் ரத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆகவே மலைசாதிப் பெண்களுக்கு இந்த மருந்தால் பலனில்லை. அதுவும் ஒரு முடிவுதான்."

"கலந்து சாப்பிட்டார்கள் என்று எழுதுவீர்களா?"

"அதை எழுதினால் கட்டுரையே இல்லையே. உங்கள் பேர் என் பேருக்குப் பக்கத்திலேயே இருக்கும், டாக்டர். நான் சொன்ன சொல் தவறமாட்டேன்."

பலனில்லை என்று அச்சில் வந்துவிட்டால் இந்த மலைக்கு இனி ஒரு மாத்திரைகூட ஏறாது. தில்ஷாத்துக்கு அந்த மனுஷனை அறைய வேண்டும் போலிருந்தது.

செல்லமுத்து படியேறி வந்தான். "தொரைகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. மொதல்லயே நெசத்தைக் குடுத்திருந்தா அத்தாயி இருந்திருப்பாளா?"

தில்ஷாத் அதை இங்கிலீஷில் சொன்னாள். கர்னல் அனுதாபமாகத் தலையை ஆட்டினார். "பிரசவத்தில் இதெல்லாம் சகஜம், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சொல்லுங்கள்."

அவள் செல்லமுத்து பக்கம் திரும்பினாள். "இருந்திருப்பா. உம் புள்ளை இன்னொருத்தி மாருல கெடக்காம, அவளும் புள்ளையும் ஊட்டுல இருந்திருப்பாங்க. இவர் அதை உங்கிட்டச் சொல்ல வேண்டாங்கறார். எனக்கும் முன்னாலயே தெரியும். நானும் சொல்லல."

செல்லமுத்து அவளை ஏறிட்டுப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பதில் அடியே வாங்கியிருக்கலாம்.

"சென்னம்மாளுக்கும் மொகம் உப்ப ஆரம்பிச்சிருச்சு," என்றான். விறுவிறுவென்று அறைக்குள் போனான். மாத்திரைகள் வைத்திருந்த, ஒரே மாதிரியான இரண்டு தகரப் பெட்டிகள் அங்கே இருந்தன. கதவோரம் இருந்த பெட்டியை அணைத்துத் தூக்கினான்.

கர்னல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கீழே வைக்கச் சொல்லுங்கள் அவனை! இது அரசாங்கச் சொத்து!"

தமிழ் தெரியாத கர்னலின் உத்தரவுகளை மலைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லும்போது தில்ஷாத்துக்கு ஒரு குரல் உண்டு. கறாரான, உரத்த குரல். அந்தக் குரலிலேயே சொன்னாள்:

"செல்லமுத்து, அதைக் கீழ வை. அது மாவு. நெசம் சன்னலோரத்துப் பெட்டியில இருக்கு."

செல்லமுத்து பெட்டியைக் கீழே வைத்தான். கர்னல் திருப்தியோடு உட்கார்ந்து தீக்குச்சியை உரசினார். செல்லமுத்து சன்னலோரம் போய் மற்றப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டிப் படியிறங்கி, மழைக்குள் நடந்தான். தீக்குச்சி கர்னலின் விரலைச் சுட்டது.

"அவனிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கத்தினார்.

"நிஜம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னேன்," என்றாள் தில்ஷாத்.